இன்று ஊறினால்தான் நாளை இட்லி: ஒப்பந்தப் புதுப்பித்தல் எப்படி இயங்குகிறது?

காலை ஏழு மணிக்கு இட்லி வேண்டுமென்றால் ஏழு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் போதாது. முந்தின நாள் மதியமே அரிசியும் உளுந்தும் ஊறியிருக்க வேண்டும். சாயங்காலம் கிரைண்டர் ஓடியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க மாவு புளித்துப் பொங்கியிருக்க வேண்டும். இட்லி தட்டுக்கு வரும் நேரம் அடுப்பின் கையில் இல்லை. ஊறப்போட்ட நேரத்தின் கையில் இருக்கிறது.

ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் கிளையன்ட் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதும் இப்படித்தான். மார்ச் 31 அன்று முடிகிற ஒப்பந்தத்தின் கதி மார்ச் 31 அன்று முடிவாவதில்லை. கிளையன்ட் மனதில் அது டிசம்பரிலேயே பாதி முடிவாகியிருக்கும். நான் பார்த்தவரை, சின்ன ஏஜென்சிகள் தொழிலில் தோற்று கிளையன்டை இழப்பதைவிட, தேதி தெரியாமல் இழப்பதுதான் அதிகம். நல்ல வேலை செய்தவர்கள் காகிதத்தால் தோற்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த மாவு எப்படிப் பதத்துக்கு வருகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்குக் கோவையில் ஆறு பேர் வேலை பார்க்கும் ஓர் ஏஜென்சியை வைத்துக்கொள்வோம். ஒரு ஜவுளிக்கடை, ஒரு நகைக்கடை, ஒரு தனியார் கல்லூரி, ஒரு பல் மருத்துவமனை, பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனி என்று பத்துப் பன்னிரண்டு கிளையன்ட்கள். மாதத்துக்கு இவ்வளவு வேலை, இவ்வளவு கட்டணம் என்ற ரீடெய்னர் ஏற்பாடு. பெரும்பாலானவை ஓராண்டு ஒப்பந்தங்கள்.

அரிசி வேறு, உளுந்து வேறு

இரண்டையும் ஒன்றாக ஊறப்போட்டு ஒன்றாக அரைக்கிறவர்கள் உண்டு. இட்லி வரும், மெத்தென்று வராது. உளுந்து நீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைபட வேண்டும். அரிசி கொஞ்சம் கொரகொரப்பிலேயே நின்றுவிட வேண்டும். அதனால்தான் தனித்தனியாக அரைத்துக் கடைசியில் கரைக்கிறோம்.

ஒப்பந்தத்தையும் அப்படி இரண்டாகப் பிரித்து வைப்பது நல்லது. ஒன்று மூல ஒப்பந்தம். தொழிலில் மாஸ்டர் அக்ரிமென்ட் என்பார்கள். ரகசியம் காப்பது, படைப்புகளின் உரிமை யாருக்கு, பிரிய வேண்டுமென்றால் எத்தனை நாள் நோட்டீஸ், தகராறு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பவை அதில் இருக்கும். இவை வருஷா வருஷம் மாறுவதில்லை. இன்னொன்று வொர்க் ஆர்டர். என்ன வேலை, எத்தனை, எவ்வளவு பணம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது மட்டும். இப்படிப் பிரித்தவர்களுக்குப் புதுப்பித்தல் என்றால் இரண்டு பக்க வொர்க் ஆர்டரை மாற்றி எழுதுவது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே பதினைந்து பக்க ஆவணத்தில் கலந்துவிட்டவர்களுக்கோ, கட்டணத்தை ஐயாயிரம் ரூபாய் ஏற்றினாலும் மொத்தக் காகிதமும் கிளையன்டின் வக்கீல் மேஜைக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

நாலு பங்கு அரிசிக்கு உளுந்து ஒரு பங்குதான். ஆனால் புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்துவைத்து மாவைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒரு பங்கு. மூல ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட வரி எது என்று கேட்டால், படைப்புரிமை பற்றிய வரி என்று சொல்வேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுக்கு என்றே கொள்ளப்படும். எந்தெந்த நாட்டில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும். நம் நகைக்கடைக்காரர் நாளைக்குச் சிங்கப்பூரிலோ துபாயிலோ கிளை திறந்தால், ஏஜென்சி செய்துகொடுத்த விளம்பர டிசைனை அங்கே வைக்கும் உரிமை அவரிடம் இருக்கிறதா என்ற கேள்வி அப்போதுதான் எழும். பணம் கொடுத்து வாங்கிய டிசைன் முழுவதும் தன்னுடையது என்று அவர் நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையை முன்கூட்டியே எழுத்தில் சரிசெய்து கொடுப்பது ஏஜென்சியின் கடமை.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் டிசைனர் வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், ஏஜென்சிக்குச் சொந்தம். வெளியிலிருந்து ஃப்ரீலான்ஸாக வரைந்து கொடுத்தவருக்கு அந்த விதி பொருந்தாது. அவரிடமிருந்து எழுதி வாங்காமல் கிளையன்டுக்கு எழுதிக் கொடுத்தால், கையில் இல்லாததைக் கொடுத்ததாகிவிடும்.

கிளையன்ட் பக்கமிருந்தும் வரிகள் வரும். அவற்றில் அடிக்கடி வருவது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்த ஜவுளிக்கடைக்கும் வேலை செய்யக் கூடாது என்பது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பின்னும் தொழிலைத் தடுக்கும் இத்தகைய நிபந்தனை செல்லாது. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டிக்கடைக்கு வேலை செய்யமாட்டோம் என்பது வேறு விஷயம். அது நியாயம், அதற்குத் தகுந்த கட்டணமும் கேட்கலாம்.

முத்திரைத்தாள் பற்றியும் ஒரு வார்த்தை. முத்திரைக் கட்டணம் கட்டாத ஒப்பந்தம் செல்லாக்காசு ஆகிவிடாது. ஆனால் கட்டணத்தையும் அபராதத்தையும் கட்டும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று நம் ஊரில் பரவலாக நம்புகிறார்கள். அந்த ஆறு மாதக் கெடு, பயன்படாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு மட்டுமே என்று திருவேங்கடம் பிள்ளை எதிர் நவநீதம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது.

பாத்திரத்தில் இடம் விடுதல்

மாவைப் பாத்திரத்தின் விளிம்புவரை ஊற்றிவைத்தால் காலையில் அது மேடையில் வழிந்து கிடக்கும். பொங்கும் என்று தெரிந்தவர்கள் பாதிப் பாத்திரத்தைக் காலியாக விடுகிறார்கள்.

ரீடெய்னர் வேலையும் பொங்கும். மாதம் 12 போஸ்ட், 4 ரீல் என்று எழுதியிருக்கும். ஆடித் தள்ளுபடி வந்தவுடன், அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு ஃப்ளெக்ஸ், அப்படியே ஒரு ரேடியோ ஜிங்கிள், அப்படியே முதலாளி மகள் திருமணத்துக்கு ஒரு அழைப்பிதழ் என்று வேலை ஏறும். இதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. கூடுதல் வேலை வருவது நம்பிக்கையின் அடையாளம். அந்தப் பொங்கலுக்கு வொர்க் ஆர்டரில் இடம் விட்டிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. ஒரு டிசைனுக்கு எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் என்ன விலை, ஒப்புதலுக்கு எத்தனை நாள், பட்டியலில் இல்லாத வேலைக்கு என்ன கட்டணம் என்ற நாலு வரிகள் போதும்.

இதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். கூடுதல் வேலைக்குப் பணம் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தாலும் இன்வாய்ஸில் அதைக் காட்டுங்கள். ‘ஃப்ளெக்ஸ் டிசைன் ரூ. 4,000, இம்முறை தள்ளுபடி ரூ. 4,000’ என்று ஒரு வரி இருக்கட்டும். கிளையன்டுக்கு ஒரு காசு கூடவில்லை. ஆனால் புதுப்பித்தல் பேச்சு வரும்போது அந்தப் பன்னிரண்டு இன்வாய்ஸ்களும் ஓராண்டில் செய்த மொத்த வேலையைச் சொல்லும். சொல்லாமல் செய்த வேலை எல்லோருக்கும் மறந்துபோகும், செய்தவருக்கும்கூட.

பணம் வரும் கணக்கு

மாதக் கட்டணம் ரூ. 60,000 என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ. 10,800 சேர்ந்து இன்வாய்ஸ் ரூ. 70,800. ஏஜென்சி ஒரு பங்குதாரர் நிறுவனம் என்றால், விளம்பரப் பணி என்ற வகையில் கிளையன்ட் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்: ரூ. 1,200. கைக்கு வருவது ரூ. 69,600. அதே வேலையைத் தொழில்முறைச் சேவை என்று கிளையன்டின் கணக்காளர் எடுத்துக்கொண்டால் 10 சதவீதம், அதாவது ரூ. 6,000 போய்விடும். வருமான வரிக் கணக்கில் பிறகு வரவாகும் என்றாலும், ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் மாதத்தில் அந்த வித்தியாசம் வலிக்கும். எந்த வகை என்று தொடக்கத்திலேயே இரு கணக்காளர்களும் பேசி எழுதிக்கொள்வது சண்டையை மிச்சப்படுத்தும்.

இதைவிடக் கடுமையானது தாமதம். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் ஏஜென்சி, கிளையன்ட் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அந்த ரூ. 10,800-ஐ அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். மூன்று மாதம் பாக்கி நின்றால் தன் கையிலிருந்து ரூ. 32,400 போயிருக்கும். பத்து கிளையன்டில் நாலு பேர் இப்படி இருந்தால் ஏஜென்சியே அவர்களுக்குக் கடன் கொடுத்து நடத்துவதாகிவிடும்.

இந்த இடத்தில் சட்டம் சின்னவர் பக்கம் நிற்கிறது. பலருக்கு அது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் எழுதி ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்து ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. ஒப்பந்தத்தில் 90 நாள் கடன் தவணை என்று எழுதியிருந்தாலும் இந்த வரம்பு மாறாது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு விதியையும் சேர்த்தது. இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் கிளையன்ட் தன் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியும்.

இதை மிரட்டலாகப் பயன்படுத்தச் சொல்லவில்லை. புதுப்பித்தல் நெருங்கும் நேரத்தில் வட்டி நோட்டீஸ் அனுப்பினால் உறவு முறியும். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டு, கிளையன்டின் ஆடிட்டருக்கும் ஒரு நகல் போகும்படி ஏற்பாடு செய்தால் போதும். மார்ச் மாதம் வந்தால் அந்த ஆடிட்டரே முதலாளியிடம், இந்தப் பாக்கியை முதலில் முடியுங்கள் என்பார்.

ஊறப்போடும் தேதி

இப்போது வேலையின் மையத்துக்கு வருகிறோம். ஏஜென்சிகளில் ஒப்பந்த ரிஜிஸ்டர் என்று ஒன்று இருந்தால் அதில் பெரும்பாலும் கிளையன்ட் பெயர், தொடக்கத் தேதி, முடியும் தேதி என்ற மூன்று கட்டங்கள்தான் இருக்கும். முடியும் தேதியின்படி வரிசைப்படுத்தி, அது வரும்போது பார்த்துக்கொள்வார்கள். இட்லி சாப்பிடும் நேரத்தை மட்டும் சுவரில் எழுதிவைத்து, ஊறப்போடும் நேரத்தை எழுதாமல் விட்ட சமையலறை இது.

ஒரு ஒப்பந்தத்தின் தேதிகளை எண்ணிப் பார்ப்போம். ஏப்ரல் 1, 2026 அன்று தொடங்கும் ஓராண்டு ஒப்பந்தம் மார்ச் 31, 2027 அன்று முடிகிறது. புதுப்பிக்க விருப்பமில்லை என்றால் 60 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. மார்ச் 31-இலிருந்து 60 நாள் பின்னால் எண்ணினால் ஜனவரி 30. கிளையன்ட் உண்மையில் முடிவெடுக்கும் கடைசி நாள் அதுதான். அவர் முடிவெடுக்கும் முன் நாம் பேசியிருக்க வேண்டும் என்றால் இன்னும் 30 நாள் பின்னால்: டிசம்பர் 31. அதற்கும் ஜனவரி 30-க்கும் நடுவே புத்தாண்டு, பொங்கல், மாட்டுப்பொங்கல், காணும் பொங்கல், குடியரசு தினம். ஜனவரியில் உருப்படியாகக் கிடைக்கும் வேலைநாள்களைக் கையில் எண்ணிவிடலாம். ஆக, இந்த ஒப்பந்தத்தின் ஊறப்போடும் தேதி டிசம்பர் முதல் வாரம். ரிஜிஸ்டரில் அதற்கென்று ஒரு கட்டம் வேண்டும். பட்டியல் அந்தக் கட்டத்தின்படிதான் வரிசையாக வேண்டும்.

எந்த மென்பொருள் என்பது பெரிய விஷயமில்லை. பன்னிரண்டு கிளையன்டுக்கு ஒரு கூகுள் ஷீட்டும் காலண்டரில் நினைவூட்டலும் தாராளம். எழுத வேண்டியவை இவை: கையெழுத்திட்ட பிரதி எங்கே இருக்கிறது, யார் கையெழுத்திட்டார், நோட்டீஸ் எந்த முகவரிக்கு எந்த வழியில் போக வேண்டும், கட்டண உயர்வு வரி உண்டா, தானாகப் புதுப்பிக்குமா, ஊறப்போடும் தேதி, அதைப் பார்ப்பது யார். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்ற வீட்டில் அரிசி ஊறியிருக்காது.

எல்லா ஒப்பந்தமும் மார்ச் 31-இல் முடியும்படி வைப்பதும் தவறு. நிதியாண்டுக்குப் பொருந்துகிறது என்று வசதியாகத் தோன்றும்; ஆனால் ஏஜென்சியின் மொத்த வருமானமும் ஒரே வாரத்தில் ஊசலாடும். கிளையன்டின் தொழில் ஓட்டத்தைப் பார்த்து முடிவுத் தேதியை வையுங்கள். கல்லூரிக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை அட்மிஷன் வேகம். அவர்களோடு ஒப்பந்தம் செப்டம்பரில் முடியட்டும், சேர்ந்த மாணவர் எண்ணிக்கை கையில் இருக்கும்போது பேசலாம். நகைக்கடைக்கு அட்சய திருதியை முடிந்த பிறகு. ஜவுளிக்கடைக்கு ஆடியும் தீபாவளியும்தான் உயிர். தீபாவளிக் கணக்கு முடிந்து பொங்கல் விற்பனையும் ஓய்ந்த பிப்ரவரி அவர்களுக்கு நல்ல மாதம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன் ஒப்பந்தம் முடியும்படி வைத்துக்கொண்டால் கட்டணம் கேட்பதற்கு வசதி என்று சிலர் எண்ணுவார்கள். அந்த வருஷம் கேட்டது கிடைக்கும். நெருக்கடியில் கழுத்தைப் பிடித்தார்கள் என்ற நினைவு அடுத்த வருஷம்வரை இருக்கும்.

புளிக்க எவ்வளவு நேரம்?

மே மாதத்துக் கோவையில் மாவு ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். டிசம்பர் மாத ஊட்டியில் அதே மாவு மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடக்கும். அரைத்தவர் கை ஒன்றுதான். வேறுபடுவது வைத்த இடத்தின் சூடு.

கிளையன்டுகளும் அப்படி. ஜவுளிக்கடை முதலாளி எதிரே உட்கார்ந்தால் ஒரு டீ முடிவதற்குள் தலையாட்டிவிடுவார். பம்ப் கம்பெனியில் மார்க்கெட்டிங் மேலாளருக்கு நம் வேலை பிடித்திருந்தாலும் அவர் ஒரு குறிப்பு எழுத வேண்டும். பர்ச்சேஸ் பிரிவு மூன்று கொட்டேஷன் கேட்கும். கணக்குப் பிரிவு பட்ஜெட்டில் இடம் பார்க்கும். வக்கீல் ஒருமுறை படிப்பார். அதன் பிறகுதான் பி.ஓ. என்ற கொள்முதல் ஆணை வரும். ஆறு வாரம் ஆகும். அதோடு, ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான பட்ஜெட் எண்களை ஜனவரி, பிப்ரவரியிலேயே பூட்டிவிடும் கம்பெனிகள் உண்டு. நாம் மார்ச்சில் போய்க் கட்டண உயர்வு கேட்டால், மேலாளர் விரும்பினாலும் கொடுக்க முடியாது. ஒவ்வொரு கிளையன்டுக்கும் கடந்த முறை முதல் பேச்சிலிருந்து கையெழுத்துவரை எத்தனை நாள் ஆனது என்று குறித்துவையுங்கள். அடுத்த ஊறப்போடும் தேதியை அந்த எண்தான் சொல்லும்.

குளிர்காலத்தில் புது மாவில் ஒரு கரண்டி பழைய மாவைக் கலப்பார்கள், சீக்கிரம் புளிக்கும். புதுப்பித்தலுக்கு அந்தப் பழைய மாவு, ஆண்டு முழுக்கச் சேர்த்த பலன் கணக்கு. அதை டிசம்பரில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. மாதம் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். லைக், வியூ எண்ணிக்கை அதில் இரண்டாம் இடம். பல் மருத்துவமனைக்கு எத்தனை பேர் போன் செய்து அப்பாயின்ட்மென்ட் கேட்டார்கள், கல்லூரிக்கு எத்தனை விசாரணை வந்து அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பம்ப் கம்பெனிக்குப் புதிதாக எந்த ஊர் டீலர் தொடர்புகொண்டார் என்பதுதான் முதலாளிக்குப் புரியும் கணக்கு. பலிக்காமல் போன விளம்பரத்தையும் அதில் எழுத வேண்டும். எல்லாமே வெற்றி என்று சொல்லும் அறிக்கையை எந்த வியாபாரியும் நம்பமாட்டார்.

முதல் சந்திப்பில் கட்டணம் பேசக் கூடாது என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு என்ன திட்டம், புதுக் கிளை உண்டா, எங்கள் வேலையில் எது எரிச்சல் தந்தது என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் புதுப்பித்தல் நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்லும். இரண்டாம் சந்திப்புக்கு வொர்க் ஆர்டர் வரைவோடு போகலாம். அதில் உயர்வுக்குக் காரணம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் சங்கடமே இல்லை. புதுப்பிக்கும்போது கட்டணம் 10 சதவீதம் உயரும் என்று முதல் ஆண்டே எழுதியிருந்தால், ரூ. 60,000 என்பது ரூ. 66,000 ஆவது இருவருக்கும் தெரிந்த செய்தி. எழுதாவிட்டால் அதே ஆறாயிரத்துக்கு அரைநாள் பேச வேண்டும்.

வரைவைக் கொடுத்த பின் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். தினமும் வாட்ஸ்ஆப்பில் கேட்பது, மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதற்குச் சமம். பத்து நாளுக்கு ஒருமுறை ஒரு மெயில் போதும்.

மூன்றாம் நாள் மாவு

முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். மாவு தீரவில்லை, ஆனால் புளிப்பு ஏறிக்கொண்டே போகிறது. தேதி முடிந்த ஒப்பந்தத்தில் தொடர்ந்து வேலை செய்வது இதுதான். ‘பேப்பர் அப்புறம் போட்டுக்கலாம், நீங்க வேலையைப் பாருங்க’ என்று மேலாளர் சொல்வார். ஏப்ரல் போகும், மே போகும். இன்வாய்ஸும் பாஸாகும். ஜூனில் புது மேலாளர் வந்து, எந்த பி.ஓ.வின் பேரில் இந்தப் பில் என்று கேட்பார்.

சட்டம் முழுக்கக் கைவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த வேலையின் பலனை ஒருவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. ஆனால் எவ்வளவு என்பதை நிரூபிக்கும் சுமை நம் தலையில். பழைய ஒப்பந்தத்தில் இருந்த நோட்டீஸ் காலமும் பொறுப்பு எல்லையும் இன்னும் செல்லுமா என்பதும் வாதத்துக்குரியது. இந்த இழுபறிக்கு எளிய மருந்து, ஒரு மெயில். ‘மார்ச் 31-இல் முடிந்த வொர்க் ஆர்டரின் அதே நிபந்தனைகளில் ஜூன் 30 வரை தொடர்கிறோம், ஒப்புதல் தரவும்’ என்று எழுதி, அதிகாரம் உள்ளவரிடமிருந்து ஒப்புதல் பெற்றுவிட வேண்டும். மெயில் பரிமாற்றத்தில் தெளிவான முன்மொழிவும் நிபந்தனையற்ற ஒப்புதலும் இருந்தால் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது என்று டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ‘ஓகே சார்’ என்ற வாட்ஸ்ஆப் பதிலும் ஒன்றுமில்லாததற்கு மேல்தான். ஆனால் சொன்னவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வி நிற்கும்.

தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். இந்த இடத்தில் மாவுக் கணக்கு பொருந்தாது. எந்த மாவும் தானே ஊறி, தானே அரைபடாது. தானியங்கிப் புதுப்பித்தல் ஏஜென்சிக்குச் சாதகம் போலத் தெரியும். பழைய கட்டணத்துக்கும் பழைய வேலைப் பட்டியலுக்கும் நாமும் இன்னோர் ஆண்டு கட்டுப்படுகிறோம் என்பது பிறகுதான் உறைக்கும். கிளையன்ட் அந்த வரியை மறந்திருந்து ஏப்ரலில் தெரிந்துகொண்டால், ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். இந்த வரியை வைப்பதென்றால் கட்டண உயர்வும் அதிலேயே இருக்கட்டும். நோட்டீஸ் தேதிக்கு இரண்டு வாரம் முன் நாமே கிளையன்டுக்கு நினைவூட்டுவோம் என்பதும் இருக்கட்டும்.

உள்ளே இருக்கும் சின்னக் கெடுக்கள்

ஒரு கிளையன்ட் ஒப்பந்தத்துக்குள் வேறு சில காலக்கெடுக்கள் ஒளிந்திருக்கும். ஜவுளிக்கடை விளம்பரத்தில் நடித்த மாடலின் முகத்தைப் பயன்படுத்த ஓராண்டுக்குத்தான் எழுதி வாங்கியிருப்போம். ஹோர்டிங் பதினாலாம் மாதமும் அவிநாசி ரோட்டில் நிற்கும். ரீலில் போட்ட இசையின் உரிமம், வாங்கிய புகைப்படம், எழுத்துரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. கிளையன்டின் இணையதள முகவரி ஏஜென்சியின் கணக்கில், ஏஜென்சியின் மெயிலில் பதிவாகியிருந்தால் அதற்கும் ஒன்று. டாட் காம் முகவரி புதுப்பிக்கப்படாமல் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. வழக்கமான கட்டணத்தைவிட அதிகம் கட்டித்தான் மீட்க வேண்டும், அதுவும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதுவரை கடையின் தளமும் மெயிலும் முடங்கிக் கிடக்கும். இணைய முகவரியும் விளம்பரக் கணக்குகளும் முதல் நாளிலிருந்தே கிளையன்ட் பெயரில் இருக்க வேண்டும், ஏஜென்சிக்கு இயக்கும் அனுமதி மட்டும் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கிளையன்டைப் பிடித்துவைப்பது தொழில் தர்மம் ஆகாது.

இவ்வளவும் செய்த பிறகும் சிலர் புதுப்பிக்கமாட்டார்கள். முதலாளியின் மருமகன் ஏஜென்சி தொடங்கியிருப்பார், அல்லது பட்ஜெட் குறைந்திருக்கும். ஜனவரி 30-க்குள் அது தெரிந்துவிட்டால் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் செய்ய வேண்டியவை மூல ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்: எந்தக் கோப்புகள் எந்த வடிவில் போகும், பாஸ்வேர்டுகள் யாரிடம் ஒப்படைக்கப்படும், நடந்துகொண்டிருக்கும் விளம்பரங்களை யார் நிறுத்துவார், கடைசி இன்வாய்ஸ் எந்தத் தேதிக்குள் தீரும், படைப்புரிமை முழுப் பணமும் வந்த பிறகே மாறுமா. இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்படைப்புப் பட்டியல் ஒரு பக்கம் இருந்தால் போதும். ரிஜிஸ்டரிலிருந்து அந்தக் கிளையன்டின் பெயரை அழிக்காமல், ஊறப்போடும் தேதிக் கட்டத்தில் அடுத்த டிசம்பரை எழுதுங்கள். அவர்களுடைய புது ஏஜென்சியின் முதல் ஒப்பந்தமும் அநேகமாக அடுத்த மார்ச் 31-இல்தான் முடியும்.